பட்டாளத்துல வந்த சீக்கை பட்டாளக் கணக்குல ஏத்த வைக்கிறது எப்படி: நெல்லைப் பக்கத்து முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு

நம்ம நாங்குநேரி, வள்ளியூர், அம்பை, சங்கரன்கோவில் பக்கம் பட்டாளத்துல இருந்து வந்த அண்ணாச்சிமார் நிறைய பேருக்கு ஒரே கதைதான். ஆளெடுக்கும்போது தலையில இருந்து கால் வரைக்கும் பாத்து ஒரு குறையும் இல்லன்னு எடுத்திருப்பாங்க, பதினேழு இருபது வருஷம் லே, சியாச்சின், தவாங், ராஜஸ்தான் மணல்னு சுத்திட்டு வரும்போது சுகர், பிரஷர், ஹார்ட், காது மந்தம், முதுகுத்தண்டு தேய்மானம், ராத்திரி தூக்கமில்லாம எந்திரிச்சு உக்காந்திருக்கிறதுன்னு ஏதாவது ஒண்ணோட வந்திருப்பாங்க. ஆனா டிஸ்சார்ஜ் பேப்பர்ல இந்த சீக்குக்கும் சர்வீஸுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியிலதான் டிஸபிலிட்டி பென்ஷன் போயிருக்கு.

அந்த வரியை எப்படி மாத்துறது, அதுக்கு எந்தப் பேப்பர எங்க கேக்கணும், எங்க அப்பீல் போடணும்னு முதல்ல சொல்றேன், அதுக்கப்புறம் பட்டாள வேலையால என்னென்ன சீக்கு வருதுன்னு ஆராயறதுக்கு ஒரு சட்டம் வேணும்னு நம்ம எம்பிகிட்ட எப்படி கேக்கிறதுன்னும் சொல்றேன். ரெண்டும் ஒரே வேலையோட ரெண்டு பாதி. எங்க அப்பாவும் பட்டாளம்தான், அவர் பேப்பர்ல ஆரம்பிச்சு இப்ப சொந்தக்காரங்க, பக்கத்து ஊர்க்காரங்கன்னு பாத்துக் குடுத்துட்டிருக்கேன். நான் வக்கீல் இல்ல, டாக்டரும் இல்ல, ஆனா இதுல எங்க எங்க ஆளுங்க பாதியில விட்டுட்டுப் போறாங்கன்னு நல்லா தெரியும்.

அந்த வரி எங்க இருக்கு

டிரங்குப் பெட்டிய திறந்து முதல்ல ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர தேடுங்க, பாதியில அனுப்பியிருந்தா அதுக்குப் பேரு இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு. ஏஎஃப்எம்எஸ்எஃப் 16னு மேல நம்பர் போட்டிருக்கும். அதுல மூணு விஷயத்தைப் பாருங்க. சீக்கோட பேரு என்ன, எத்தனை பர்சன்ட்னு போட்டிருக்கான், சர்வீஸோட சம்பந்தம் என்னன்னு எழுதியிருக்கான். சம்பந்தத்துல மூணு வகைதான், சர்வீஸால வந்தது ஒண்ணு (அட்ரிபியூட்டபிள்னு இருக்கும்), சர்வீஸால கூடிப்போனது ஒண்ணு (அக்ரவேட்டட்), ரெண்டும் இல்லங்கிறது மூணாவது. இந்த மூணாவதைத்தான் பட்டாளத்துல 'நானா'ம்பாங்க. நம்மாளுக பேப்பர்ல நான் அதிகமா பாத்தது இதுதான்.

பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை ஒரு நோட்ல எழுதிக்கோங்க. 'கான்ஸ்டிடியூஷனல்' (உடம்புவாகுல வந்தது), 'பீஸ் ஸ்டேஷன்ல வந்தது' (சண்டை, எல்லைப் பதட்டம் இல்லாத ஊர்ல இருந்தப்ப வந்தது), 'லைஃப் ஸ்டைல் டிஸார்டர்' இந்த மாதிரி ஏதாவது ரெண்டு வார்த்தை இருக்கும். அப்பீல்ல நீங்க பதில் சொல்ல வேண்டியது அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான். காரணமே எழுதாம வெறுமனே சம்பந்தம் இல்லன்னு முடிச்சிருந்தா அதுவே உங்களுக்குப் பெரிய பாயின்ட்.

பணக் கணக்கையும் சொல்லிடுறேன், ஏன்னா வீட்டுல உள்ளவங்க இதுக்கெல்லாம் எதுக்கு அலையணும்னு கேப்பாங்க. 20 பர்சன்டுக்குக் குறையாம டிஸபிலிட்டி இருந்து, அது சர்வீஸால வந்ததுன்னோ கூடுனதுன்னோ ஒத்துக்கிட்டா, ஏற்கனவே வர்ற சர்வீஸ் பென்ஷனுக்கு மேல டிஸபிலிட்டி எலிமென்ட்னு தனியா வரும். 100 பர்சன்டுக்கு கடைசி சம்பளத்துல 30 பர்சன்ட். குறைஞ்ச பர்சன்டுக்கு அந்த விகிதத்துல குறையும். ஆனா ரவுண்ட் பண்ற வழக்கம் ஒண்ணு இருக்கு, 50க்குக் கீழ உள்ளது 50 ஆகும், 50ல இருந்து 75 வரை உள்ளது 75 ஆகும், அதுக்கு மேல 100. அதனால 20 பர்சன்ட்னு போட்ட ஹவில்தாருக்கு கடைசி சம்பளம் 40,000னு வச்சுக்கோங்க, 50 பர்சன்ட் கணக்குல மாசம் 6,000 ரூபாயும் அதுக்கு மேல டிஏவும் வரும். முதல்ல இந்த ரவுண்டிங் பாதியில அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டிருந்தாங்க, 2014 டிசம்பர்ல ராம் அவ்தார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் முழு சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுன்னு சொல்லிருச்சு. ஏற்கனவே 20, 30 பர்சன்ட்னு வாங்கிட்டிருக்கிற பெரியவங்க ஸ்பர்ஷ்ங்கிற பென்ஷன் வெப்சைட்ல தங்களோட பிபிஓவ (பென்ஷன் உத்தரவு) எடுத்து ரவுண்டிங் ஏறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21ல இருந்து புது விதி வந்திருக்கு, அந்தத் தேதிக்குப் பிறகு வெளிய வந்தவங்களுக்கு அதுதான். 'இம்பேர்மென்ட் ரிலீஃப்'னு பேரே மாறியிருக்கு. அதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு 1982 விதியோ 2008 விதியோ, அவங்க வெளிய வந்த தேதியைப் பொறுத்து. நான் இங்க சொல்ற கணக்கும் கேஸும் பழைய விதிக்காரங்களுக்கு, புது ஆளுங்க புது விதிய கையில வச்சுக்கிட்டு வக்கீல பாருங்க.

பேப்பர் சேக்குறது

இதுதான் முக்கியம், இதுல அவசரப்படாதீங்க, தள்ளியும் போடாதீங்க.

2008 விதியில ஏழாவது விதின்னு ஒண்ணு இருக்கு. சாதாரணமா சீக்கு சர்வீஸால வந்துச்சுன்னு படைவீரர் நிரூபிக்கத் தேவையில்ல. ஆனா வெளிய வந்து 15 வருஷத்துக்குப் பிறகு கிளெய்ம் போட்டா, அதுக்குள்ள ரெக்கார்ட் ஆபீஸ்ல பழைய பேப்பர அழிச்சிருப்பாங்கங்கிறதால, நிரூபிக்கிற சுமை நம்ம தலையில வந்துரும். பொறவு பாத்துக்கலாம் பொறவு பாத்துக்கலாம்னு இருந்து, சொந்த ஃபைல் அழிஞ்ச பிறகு ஆதாரம் எங்கன்னு கேக்கிற நிலைமையில மாட்டிக்கிட்ட பெரியவங்கள பாத்தா வயிறு எரியுது. அதனால கிளெய்ம் போடுறீங்களோ இல்லையோ, பேப்பர மட்டும் இப்பவே வாங்கி வச்சிருங்க.

எங்க கேக்கணும்னா உங்க ரெக்கார்ட் ஆபீஸ்ல. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்இஜினா பெங்களூரு, ஆர்ட்டிலரினா நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸ்னா ஜபல்பூர், இஎம்இனா செகந்திராபாத், ஏஎம்சினா லக்னோ. நேவிக்கு மும்பை மான்குர்டு, ஏர்ஃபோர்ஸுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். முதல்ல சாதாரண லெட்டரா கேட்டுப் பாக்கலாம், ஆனா நான் நேரா ஆர்டிஐல (தகவல் உரிமைச் சட்டம்) போடச் சொல்லுவேன், ஏன்னா 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு 2005 சட்டத்துலயே இருக்கு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, இல்லன்னா ஆன்லைன்ல போடுங்க, காப்பிக்கு பக்கத்துக்கு 2 ரூபாய் கேப்பாங்க. தப்பான ஆபீஸுக்குப் போயிருந்தாலும் அவங்க 5 நாளைக்குள்ள சரியான ஆபீஸுக்கு மாத்தி அனுப்பணும். நம்ம சொந்த மெடிக்கல் பேப்பர நாமளே கேக்கிறோம், அது தனிப்பட்ட விஷயம்னு சொல்லி மறுக்க முடியாது.

என்னென்ன கேக்கணும்ங்கிறதுல கஞ்சத்தனம் வேண்டாம். சேரும்போது எடுத்த மெடிக்கல் ஃபாரம் (இதுதான் ரொம்ப முக்கியம், இதுல சீக்குன்னு ஒண்ணும் எழுதாம இருந்தாதான் பின்னாடி கோர்ட்ல நிக்கும்), இடையில உடம்புத் தரத்தைக் குறைச்சு லோ மெடிக்கல் கேட்டகரி போட்ட ஒவ்வொரு போர்டு பேப்பர், மிலிட்டரி ஆஸ்பத்திரியில படுத்திருந்த கேஸ் ஷீட், ரிலீஸ் மெடிக்கல் போர்டு முழுசா எல்லாப் பக்கத்தோட, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்கங்கிற விவரம், கிளெய்ம ரிஜெக்ட் பண்ணின லெட்டர். அடிபட்டிருந்தா ஐஏஎஃப்ஒய் 2006னு இஞ்சுரி ரிப்போர்ட் இருக்கும், மனநல சம்பந்தமா இருந்தா கமாண்டிங் ஆபீசர் எழுதுன ஏஎஃப்எம்எஸ்எஃப் 10 இருக்கும். ஹார்ட்னா நெஞ்சுவலி வந்ததுக்கு முந்தின 14 நாள்ல என்ன டூட்டி பாத்தாருன்னு யூனிட்ல இருந்து வாங்குன பேப்பர் இருக்கணும். மெடிக்கல் ஆபீசர்களுக்குன்னு போட்ட வழிகாட்டியிலயே அந்த 14 நாள் கணக்கைப் பாக்கச் சொல்லியிருக்கு. பல கேஸ்ல அந்தப் பேப்பரே வாங்காம பீஸ் ஸ்டேஷன்னு எழுதி முடிச்சிருப்பாங்க, அப்படின்னா அப்பீல்ல முதல் கேள்வியே அதுதான், 14 நாள் டூட்டி பேப்பர் எங்கன்னு.

வர்ற பேப்பர எல்லாம் மூணு செட் எடுங்க. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு மகன் மகள் யார்கிட்டயாவது, ஒண்ணு ஸ்கேன் பண்ணி போன்ல. நம்ம ஊர் கரையானை நம்பி ஒரிஜினல பெட்டியில வைக்க முடியாது.

சர்வீஸ் கதைய எழுதுங்க

பேப்பர் ஆபீஸ்காரங்க எழுதுனது. அதுல இல்லாதது ஒண்ணு இருக்கு, அந்த மனுஷன் அங்க என்ன பட்டார்ங்கிறது. அதை நாமதான் எழுதணும், வக்கீல் வந்து எழுத மாட்டார்.

ஒரு நீள நோட்டு எடுத்து அண்ணாச்சிய உக்கார வச்சு வருஷ வாரியா கேளுங்க. எந்த வருஷம் எந்த ஊர், எத்தனை அடி உயரம், என்ன வேலை, எங்க தூங்குனீங்க, என்ன சாப்பிட்டீங்க, லீவு கிடைச்சுதா, எப்ப முதல்ல உடம்புக்கு முடியாம போச்சு, யார்கிட்ட காட்டுனீங்க. சும்மா 'கஷ்டமான டூட்டி'ன்னு எழுதினா ஒண்ணும் நிக்காது. பீரங்கிக்குப் பக்கத்துல காதுல பஞ்சு மட்டும் வச்சுக்கிட்டு நின்னாரு, இன்ன ஃபயரிங் ரேஞ்ச்ல இன்ன வருஷம், அதுக்கப்புறம் இடது காதுல இரைச்சல்னு எழுதுங்க. மேல பங்கர்ல குளிருக்கு புக்காரின்னு மண்ணெண்ணெய்க் கணப்பு அடுப்பு வச்சு, கதவ அடைச்சு, அந்தப் புகையிலயே ராத்திரி முழுக்க படுத்திருப்பாங்க, காலையில எச்சில் கறுப்பா வரும்னு மலையில இருந்தவங்க சொல்லுவாங்க. இதெல்லாம் எந்த மெடிக்கல் போர்டு பேப்பர்லயும் இருக்காது, கேட்டாத்தான் வரும்.

பீஸ் ஸ்டேஷன்ங்கிற வாதத்துக்கும் பதில் இங்கதான் கிடைக்கும். ரெண்டரை வருஷம் மேல இருந்துட்டு கீழ இறங்குன ஆறாவது மாசம் பிரஷர் கண்டுபிடிச்சா, கண்டுபிடிச்ச இடம் பீஸ் ஸ்டேஷன், ஆனா சீக்கு ஆரம்பிச்ச இடம் எதுன்னு கேக்கலாம்லா? போஸ்டிங் தேதியையும் முதல் ரிப்போர்ட் தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சாலே படிக்கிறவங்களுக்குப் புரியும்.

கூட இருந்தவங்ககிட்டயும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. ஊர்க்காரங்க, அதே யூனிட்டுக்காரங்க பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு எங்க இருந்தாலும் வந்துருவாங்க, கொடைக்கும் வருவாங்க, அந்த நேரத்த விட்டா பிடிக்கிறது கஷ்டம். பேரு, ஆர்மி நம்பர், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை கூட இருந்தேன், நான் கண்ணால பாத்தது இதுன்னு எழுதி கையெழுத்துப் போட்டா போதும். பழைய இன்லேண்ட் லெட்டர் இருந்தா தூரப் போட்டுராதீங்க, 'இங்க மூச்சு முட்டுது, ரெண்டு நாளா எம்ஐ ரூம்ல படுத்திருக்கேன்'னு மனைவிக்கு எழுதின லெட்டர், மேல தபால் முத்திரை தேதியோட இருக்கும், அதுவும் ஒரு ஆதாரம்தான்.

மனசு சம்பந்தப்பட்டத பத்தி தனியா சொல்லணும். நம்ம பக்கம் பட்டாளத்துக்காரர் குடிக்கிறார், கோவப்படுறார், யார்கூடயும் சேர மாட்டேங்கார்னு சொல்லுவாங்க, ராத்திரி கத்துறார்னு மட்டும் வெளிய சொல்ல மாட்டாங்க, பொண்ணு குடுக்கிறது எடுக்கிறது கெட்டுப் போயிரும்னு பயம். சீக்குன்னு எழுதாம விட்டா அதுக்கு மருந்தும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. மைனிமார் யாராவது இதைப் படிச்சா, அவர் எப்ப இருந்து அப்படி ஆனார், எந்த லீவுல வந்தப்ப முதல்ல வித்தியாசமா தெரிஞ்சுதுன்னு நீங்க எழுதுங்க, அதை உங்கள விட நல்லா தெரிஞ்சவங்க யாரும் கிடையாது.

டாக்டர் பேப்பர்

இப்ப உள்ள நிலைமைக்கு இசிஹெச்எஸ்ங்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தோட பாலிகிளினிக்ல காட்டி ரிப்போர்ட் தொடர்ச்சியா வச்சுக்கோங்க, அங்க இருந்து ரெஃபர் பண்ற ஆஸ்பத்திரி பேப்பரையும் சேத்து. இசிஹெச்எஸ் கார்டு இல்லாதவங்க பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காட்டலாம், அங்க ஓபி சீட்டைத் தொலைக்காம தேதி வாரியா ஒட்டி வைங்க. டாக்டர்கிட்ட 'சர்வீஸால வந்ததுன்னு எழுதித் தாங்க'ன்னு கேக்காதீங்க, எழுத மாட்டாங்க. நம்ம போஸ்டிங் விவரத்தைக் காட்டி, இந்த மாதிரி இடத்துல இத்தனை வருஷம் இருந்தா இந்த சீக்கு வரவோ கூடவோ வாய்ப்பு உண்டான்னு கேளுங்க, உண்டுன்னா அதை ஒரு வரியில எழுதச் சொல்லுங்க. வெளிய வந்த பிறகு சீக்கு கூடிருச்சுன்னா திரும்ப போர்டு வைக்கச் சொல்லி ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். சர்வீஸ்ல தெரியாம, வந்த பிறகு தலை காட்டின சீக்குக்கும் விதியில இடம் உண்டு, ஆனா அதுக்கு வருஷக் கெடு இருக்கு, தள்ளிப் போட்டா வழி அடைஞ்சிரும்.

அப்பீல்

ரிஜெக்ட் லெட்டர் கைக்கு வந்த தேதியில இருந்து 6 மாசத்துக்குள்ள முதல் அப்பீல். லெட்டர்லயே யாருக்கு எழுதணும்னு போட்டிருக்கும், முதல் அப்பீல் கமிட்டிக்கு ஏசிஎஃப்ஏன்னு பேரு, ரெக்கார்ட் ஆபீஸ் வழியா போகும். அதுவும் ரிஜெக்ட் ஆனா அடுத்த 6 மாசத்துக்குள்ள எஸ்ஏசிபிங்கிற ரெண்டாவது கமிட்டி. இதுலயும் ஆகலன்னா சென்னையில இருக்கிற ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிபியூனல் பெஞ்ச். கெடு தாண்டிப் போச்சேன்னு விட்டுராதீங்க, தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட்டு ஏத்துக்க வைக்கலாம், பென்ஷன் மாசா மாசம் வர வேண்டியதுங்கிறதால கோர்ட் பெரும்பாலும் இரக்கத்தோட பாக்கும். ஆனா 2008ல வந்த தர்சேம் சிங் தீர்ப்புப்படி பழைய பாக்கி மூணு வருஷத்துக்குத்தான் பொதுவா கிடைக்கும், அதனால ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடுறதும் கைப்பணம் போறதுதான்.

அப்பீல்ல எடுத்து எழுத வேண்டிய தீர்ப்பு தரம்வீர் சிங், 2013 ஜூலை, சுப்ரீம் கோர்ட். அவர் 1985ல சிக்னல்ஸ்ல சிப்பாயா சேந்தவர், வலிப்பு வந்து 1994ல 20 பர்சன்ட்னு போட்டு வெளிய அனுப்பிட்டாங்க, சர்வீஸுக்குச் சம்பந்தம் இல்லன்னு பென்ஷன் இல்ல. கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, சேரும்போது உடம்பு நல்லா இருந்துச்சுன்னு எடுத்துக்கிட்டு, சீக்கு இருந்ததா எந்தக் குறிப்பும் இல்லன்னா, பிறகு வந்த சீக்கு சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும், இல்லன்னு சொல்றவங்கதான் காரணத்தோட நிரூபிக்கணும், சந்தேகம் இருந்தா அதோட பலன் படைவீரருக்குத்தான். முன்னாடி சேர்க்கை மெடிக்கல் ஃபாரம் முக்கியம்னு சொன்னது இதுக்குத்தான்.

அதுக்காக இந்தப் பேரைச் சொன்னா உடனே ஜெயம்னு நினைக்காதீங்க. 2019ல நரசிங் யாதவ் கேஸ்ல, ஸ்கிசோஃப்ரினியா மாதிரி சீக்கு சேரும்போது மெடிக்கல்ல தெரியாமலே போகலாம், மெடிக்கல் போர்டு சொன்னதுக்கு மதிப்புக் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் மனுவைத் தள்ளிருச்சு. அதனால தீர்ப்பு பேரு பாதி வேலை, மீதிப் பாதி உங்க நோட்டுல இருக்கிற போஸ்டிங் கதை.

இதுல உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தா ரெக்கார்ட் ஆபீஸுக்கு அவங்க வழியாவும் ஒரு லெட்டர் போகும். வக்கீலுக்கு வசதி இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, 2025 ஜூலையில இருந்து படைவீரர் குடும்பங்களுக்குன்னே தேசிய அளவுல இலவச சட்ட உதவித் திட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. வாங்குற அரியர்ல இத்தனை பங்குன்னு பேசிக்கிட்டு பிபிஓவையும் ஏடிஎம் கார்டையும் வாங்கி வச்சுக்கிற ஏஜென்ட்கிட்ட மட்டும் போகாதீங்க. டிரிபியூனல்ல நாமளே நேர்ல வாதாடவும் உரிமை உண்டு.

அண்ணாச்சி காலமாயிட்டாருன்னாலும் கதை முடியல. அவருக்கு வர வேண்டியிருந்த பாக்கிய மனைவி கேக்கலாம், சாவுக்கும் அந்த சீக்கே காரணம்னா குடும்ப பென்ஷனே வேற வகையில கூடுதலா வர வாய்ப்பிருக்கு. சாவுச் சான்றிதழ்ல ஆஸ்பத்திரி எழுதுன காரணம் என்னன்னு பாத்து வாங்குங்க.

சட்டம் கேக்கிறது

ஒவ்வொருத்தரா இப்படி நோட்டுப் போட்டு அப்பீல் போட்டு ஜெயிக்கிறது பாதி வழிதான். ஆர்டிஐ போடத் தெரியாத, டிரிபியூனலுக்குப் போகத் தெம்பில்லாத ஆளுக்கு என்ன வழி? அதுக்குத்தான் சட்டம்.

அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. வியட்நாம் சண்டையில 1962ல இருந்து 1971 வரைக்கும் காட்டுல இலையெல்லாம் உதிர்றதுக்குன்னு களைக்கொல்லி மருந்து அடிச்சாங்க, கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் காலன், அதுல பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்ச். அதுல டையாக்ஸின்ங்கிற விஷம் கலந்திருந்துச்சு. ஊருக்குத் திரும்பின சிப்பாய்ங்களுக்குப் புத்துநோய் வந்தப்ப அங்கயும் முதல்ல சம்பந்தம் இல்லன்னுதான் சொன்னாங்க. 1984ல அந்தக் களைக்கொல்லி தயாரிச்ச கம்பெனிங்க 18 கோடி டாலர் குடுத்து கேஸ முடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் 1991 பிப்ரவரியில ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்தோட உயிரே என்னன்னா, அரசாங்கமே தனக்குத்தானே டாக்டர் சர்டிபிகேட் எழுதிக்கக் கூடாது, தேசிய அறிவியல் அகாடமிங்கிற வெளி அமைப்பு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க இருக்கிற ஆராய்ச்சியெல்லாம் பாத்து எந்த சீக்குக்கு சம்பந்தம் உண்டுன்னு அறிக்கை குடுக்கணும். அந்த அறிக்கைய வச்சு லிஸ்ட்ல ஏறுன சீக்குக்கு சிப்பாய் தனியா நிரூபிக்கத் தேவையில்ல, அங்க இருந்தேன், இந்த சீக்கு இருக்குன்னு காட்டினா போதும். 2001ல டைப் 2 சுகர் ஏறிச்சு, 2010ல ஹார்ட்டுக்கு ரத்தம் போகாத சீக்கும் பார்க்கின்சனும் ஏறிச்சு. நம்ம பக்கம் கான்ஸ்டிடியூஷனல்னு ஒரு வார்த்தையில தள்ளுறாங்களே, அதே சுகரும் ஹார்ட்டும்தான்.

ஈராக், ஆப்கானிஸ்தான்ல குப்பை, பிளாஸ்டிக், கெமிக்கல்னு எல்லாத்தையும் பெரிய குழியில போட்டு எரிச்ச புகைக்காக 2022 ஆகஸ்ட் 10ல பாக்ட் சட்டம் வந்துச்சு. அதுக்கு முந்தின மாசக் கடைசியில செனட்ல அது தடைப்பட்டப்போ முன்னாள் சிப்பாய்ங்க பார்லிமென்ட் படிக்கட்டுலயே ராத்திரி பகலா உக்காந்துட்டாங்க, ஆகஸ்ட் 2ல 86க்கு 11ன்னு நிறைவேறிச்சு. 20க்கும் மேல சீக்கு லிஸ்ட்ல ஏறிச்சு.

நம்மாளுகளுக்கு ஏஜென்ட் ஆரஞ்ச் படல, அதனால அவங்க லிஸ்ட்டை இங்க ஒட்ட முடியாது. எடுக்க வேண்டியது முறைய. 1984 ஏப்ரல்ல இருந்து சியாச்சின்ல ஆள் இருக்காங்க. மேல இருந்தவங்களுக்கு ரத்தம் உறையுறது, நுரையீரல்ல நீர் கோக்குறது எல்லாம் டாக்டர்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். டெல்லியில டிஆர்டிஓங்கிற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்போட டிபாஸ், புனேல ஏஎஃப்எம்சிங்கிற பட்டாள மருத்துவக் கல்லூரின்னு ஆராயத் தெரிஞ்ச இடமும் இருக்கு. இல்லாதது என்னன்னா, அந்த ஆராய்ச்சியையும் பென்ஷன் முடிவையும் கட்டிப் போடுற சட்டம். நம்மகிட்ட இருக்கிறது பாதுகாப்பு அமைச்சகம் போடுற விதி, அவங்களே போடுவாங்க, அவங்களே மாத்துவாங்க, 2023ல மாத்துன மாதிரி.

கேக்கிறது இப்படி. முதல்ல ஊர் அளவுல, தாலுகா அளவுல ஒரு ரெஜிஸ்டர் போடுங்க. பேரு வேண்டாம், ஆதார் வேண்டவே வேண்டாம், ஆளுக்கு ஒரு நம்பர் போதும். எந்த ஆர்ம் (படைப் பிரிவு), என்ன டிரேடு, எந்த ஸ்டேஷன் எந்த வருஷம், என்ன சீக்கு, எப்ப கண்டுபிடிச்சது, போர்டு என்ன எழுதிச்சு. சம்மதம் கேட்டுட்டு எழுதுங்க. ஒரே ஸ்டேஷன்ல இருந்தவங்களுக்கு ஒரே சீக்கு வரிசையா வர்றது தெரிஞ்சா அது எம்பி கையில பேசுற ஆதாரம், ஆராய்ச்சி முடிவுன்னு மட்டும் சொல்லிக்கிடாதீங்க, ஆராய்ச்சி பண்றதுக்குக் காரணம்னு சொல்லுங்க.

அடுத்தது பார்லிமென்ட்ல கேள்வி. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு உங்க தொகுதி எம்பி எவரோ அவருக்கு கூட்டத்தொடருக்கு ரொம்ப முன்னாடியே குடுங்க, ஏன்னா கேள்விக்கு அவர் 15 முழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். கேள்விய நீங்களே எழுதிக் குடுங்க, சின்னதா. கடந்த 5 வருஷத்துல ரிலீஸ் மெடிக்கல் போர்டு எத்தனை நடந்துச்சு, அதுல எத்தனை பேருக்கு சம்பந்தம் இல்லன்னு எழுதப்பட்டுச்சு, சீக்கு வாரியா என்ன கணக்கு, அப்பீல்லயும் டிரிபியூனல்லயும் அதுல எத்தனை மாறிச்சு, 9,000 அடிக்கு மேல வேலை பாத்தவங்கள ரிட்டயர் ஆன பிறகு தொடர்ந்து கவனிக்கிற ஏற்பாடு உண்டா, இசிஹெச்எஸ்ல பதிவாகிற சீக்கு விவரத்தை சர்வீஸ் ரெக்கார்டோட சேத்துப் பாக்கிறாங்களா. இவ்வளவுதான். எழுத்துல வர்ற பதில் யாரும் படிக்கிற மாதிரி பார்லிமென்ட் தளத்துல நிக்கும், அதை வச்சுத்தான் அடுத்த அடி.

மூணாவது மனு. லோக்சபா மனுக் குழுவுக்குப் போற மனுவை எம்பி கையெழுத்துப் போட்டு சபையில வைக்கலாம். நாலாவதுதான் தனிநபர் மசோதா, ஒரு மாச நோட்டீஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுப்பாங்க. இந்த நாட்டுல இதுவரை 14 தனிநபர் மசோதாதான் சட்டமாயிருக்கு, கடைசி 1970ல, அதனால நிறைவேறும்னு சொல்லி ஊர்ல ஆசை காட்டாதீங்க. ஆனா மசோதான்னு ஒண்ணு வந்து விவாதத்துக்கு எடுத்தா அமைச்சர் எந்திரிச்சுப் பதில் சொல்லணும், அது ரெக்கார்டுல ஏறும்.

மசோதாவுல இருக்க வேண்டியதையும் எம்பி ஆபீஸ்ல ஒரு பக்கமா எழுதிக் குடுத்துருங்க. உயர மலை, பாலைவனம், பீரங்கி, இன்ஜின் ரூம்னு இடம் வாரியா முன்னாள் படைவீரர் ரெஜிஸ்டர் வைக்கணும். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வெளிய உள்ள டாக்டர் குழு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க அறிக்கை குடுக்கணும், அதை பார்லிமென்ட்ல வைக்கணும். சம்பந்தம் உண்டுன்னு அறிக்கை சொன்ன சீக்கு தானா லிஸ்ட்ல ஏறணும், ஏத்த மாட்டேன்னா அரசாங்கம் காரணம் எழுதணும். பழைய மெடிக்கல் பேப்பர அழிக்கிறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவருக்கு ஒரு காப்பி அனுப்பணும். இந்தக் கடைசி ஒண்ணுக்கு சட்டம்கூட வேண்டாம், அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டா முடிஞ்சுது, அதனால அதைத் தனி லெட்டரா, முதல் லெட்டரா குடுங்க, குடுத்ததுக்கு எம்பி ஆபீஸ்ல சீல் வச்சு நகல் வாங்கிக்கோங்க, அமைச்சர்கிட்ட இருந்து பதில் வந்தா அதோட காப்பியையும் கேட்டு வாங்கி ரெஜிஸ்டரோட சேத்து வைங்க.